பெரியப்பா மகன் மணல் அள்ளுகிறார், நான் ஊர்க்காவல் படையில் இருக்கிறேன்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. திருவையாற்றுக்கு வடகிழக்கே கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். ஆறு மா நிலமும் கடைத்தெருவில் சின்ன செல்போன் ரிப்பேர் கடையும் இருக்கின்றன. போன வருடம் ஊர்க்காவல் படையில் சேர்ந்தேன். பந்தோபஸ்து டூட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஊரில் நிலைமை மாறிவிட்டது. டீக்கடையில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் 'எட்டப்பன்' என்கிறார்கள். என் பெரியப்பா மகன் ராத்திரியில் மாட்டுவண்டியில் மணல் அள்ளுகிறார். ஸ்டேஷனில் ஒருவர், 'வண்டி எப்போது ஆற்றில் இறங்குகிறது என்று மட்டும் சொல்லு, உன் பெயர் வெளியே வராது' என்கிறார். அம்மா இந்த உடுப்பே வேண்டாம் என்று அழுகிறார். மனைவியோ இது நாளைக்கு நிரந்தர வேலையாகிவிடும் என்று நம்புகிறாள். ஊரில் தப்பு நடந்தால் நானே பிடிக்கலாமா? படையில் தொடரலாமா, விட்டுவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில் (ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர்):

தம்பி, படையை விட வேண்டாம். வண்டி இறங்கும் நேரத்தையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதற்கு வருவதற்கு முன்னால் நிரந்தர வேலை விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதற்குப் பதில் சின்னது.

ஆகாது. ஊர்க்காவல் படை தன்னார்வப் பணி. டூட்டி பார்த்த நாளுக்குப் படி உண்டு, மாதச் சம்பளம் கிடையாது. இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் போட்ட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணியை நிரந்தரமாக்கும்படி கேட்க முடியாது. ஆனால் ஒரு நாள் படியை முப்பது நாளுக்குப் பெருக்கினால் ஒரு காவலரின் குறைந்தபட்ச ஊதியமாவது வர வேண்டும் என்றது. ஆக, படிக்காகப் பேசலாம், போராடலாம். நிரந்தரம் என்ற கனவை மட்டும் வீட்டில் வளர்க்காதீர்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வு முற்றிலும் வேறு பாதை. அதற்கு வயது வரம்பு இருக்கிறது, 29 வயதில் பெரும்பாலோருக்கு அது தாண்டியிருக்கும். மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சோறு போடப் போவது செல்போன் கடையும் அந்த ஆறு மாவும்தான்.

சரி, மணல் வண்டி.

'உன் பெயர் வெளியே வராது' என்ற அந்த வாக்கைப் பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வயதுதான் அவனுக்கும், வேறு ஓர் ஆற்றங்கரை ஊர். அவன் நேரம் சொன்னான், நாங்கள் மூன்று முறை போனோம், மூன்று முறையும் வண்டி பிடிபட்டது. இருநூறு வீடு உள்ள ஊரில் கணக்குப் போடத் தெரியாதவர் யார்? நாலாம் நாள் ராத்திரி அவன் வீட்டு வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த தீ என்று ஊருக்கே தெரியும், சாட்சி சொல்ல ஓர் ஆள் வரவில்லை. எனக்கு அடுத்த மாதம் மாறுதல் வந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். அவன் எங்கே போவான்? அவனுக்கு அங்கேதானே வீடு, அங்கேதானே வயல். அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இங்கே எழுத மனம் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். போலீஸ்காரருக்கு மாறுதல் உண்டு, ஊர்க்காவல் படைக்காரருக்குக் கிடையாது. நீங்கள் காக்கி போட்டுக்கொண்டு முச்சந்தியில் நிற்கும்போது எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள். இன்னார் மகன், இந்தத் தெரு, செல்போன் கடைக்காரர் என்று தெரிந்துதான் நீங்கள் கை காட்டினால் வண்டியை நிறுத்துகிறார்கள். உங்கள் உடுப்புக்கு மதிப்பே அது எல்லார் கண்ணிலும் படுவதால் வருவதுதான். ஒளிந்து தகவல் சொல்கிறவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது, யார் கண்ணிலும் படக்கூடாது. ஒரே ஆள் ஒரே ஊரில் இந்த இரண்டாகவும் இருக்க முடியாது. தகவல் தருகிறவர்கள் இல்லாமல் காவல்துறை நடக்காது என்பது எனக்கும் தெரியும். அது நீங்களாக இருக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் கேட்டவரிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காதீர்கள். 'சார், எனக்கு எந்த டூட்டி போட்டாலும் வருகிறேன். சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்' என்று நின்று சொல்லுங்கள். நல்ல அதிகாரி அதற்கு மேல் கேட்க மாட்டார். கேட்டால் உங்கள் கம்பெனி கமாண்டரிடம் போங்கள், அவருக்கு மேல் வட்டாரத் தளபதி இருக்கிறார். எழுத்தில் வராத டூட்டி டூட்டியே கிடையாது. ஸ்டேஷன் ரைட்டர் ரிஜிஸ்தரில் உங்கள் பெயர், இடம், நேரம் ஏறினால்தான் நீங்கள் பணியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏதாவது ஆகிவிட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு வரிதான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். டீக்கடையில் பேச்சு நிற்பதற்கு மணல் மட்டும்தான் காரணம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் கடையில் ஊரே போனைக் கொடுத்துவிட்டுப் போகிறது. யார் யாரிடம் பேசினார்கள், என்ன படம் வந்தது, எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அதைத் திறக்கிற கை காக்கிச் சட்டையும் போடுகிறது என்றால் மனுஷனுக்குப் பயம் வரத்தானே செய்யும். ரிப்பேருக்கு வந்த போனில் ரிப்பேர் தவிர எதையும் தொடாதீர்கள். 'அவன் போன் உன் கடைக்கு வந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லு' என்று யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய ஸ்டார் போட்டிருந்தாலும், முடியாது என்றே சொல்லுங்கள். காவல்துறைக்கு ஒரு போன் வேண்டுமென்றால் அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. உங்கள் ஸ்க்ரூ டிரைவர் அந்த வழியில் வராது. முடிந்தால் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே பிரித்து, அவர் கண் முன்னாலேயே மூடிக் கொடுங்கள். இரண்டு மாதத்தில் டீக்கடைப் பேச்சு தானாகத் திரும்பும். அப்புறம், பைக்கில் 'போலீஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள். கடையில் காக்கி பேண்டோடு உட்காராதீர்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் செய்கிற கோளாறு இது, அதனால்தான் கேட்காமலே சொல்கிறேன்.

ஊரில் தப்பு நடந்தால் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். இந்தப் படை 1946 டிசம்பரில், கலவரம் நடந்துகொண்டிருந்த பம்பாயில் தொடங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுக்க விரிந்தது. நம் மாநிலத்தில் 1963-ல் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டப்படி, முறையாக டூட்டிக்கு அழைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் உங்களுக்குக் காவலருக்கு உள்ள அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. டூட்டி முடிந்த நிமிஷம் நீங்களும் ஒரு குடிமகன், அவ்வளவுதான். குடிமகனுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே ஒருவன் செய்தால் அவனைப் பிடித்து வைக்கலாம். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு அது. பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயன்படுத்த அவசரப்படாதீர்கள். தனியாக இருக்கும்போது 112-க்குப் போன் செய்துவிட்டு, நின்று பார்த்து, முகத்தையும் வண்டி எண்ணையும் மனதில் வாங்கிக்கொள்வது பல நேரங்களில் பிடிப்பதைவிடப் பெரிய உதவி.

வாகனச் சோதனையில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், எஸ்.ஐ. பக்கத்தில் இருக்கட்டும். அபராதம் போடுவது உங்கள் வேலை கிடையாது. சாவியைப் பிடுங்குவதும் லத்தியைக் குறுக்கே நீட்டி பைக்கை நிறுத்துவதும் கூடவே கூடாது. அந்த லத்தியில் சறுக்கி ஒருவன் விழுந்து மண்டை உடைந்தால் அந்த வழக்கில் உங்கள் பெயர் முதலில் வரும்.

விசாரணை அறைப் பக்கமே போகாதீர்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் 'காவல்துறை நண்பர்கள்' என்று ஒரு தன்னார்வ அமைப்பு நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியது. பல ஊர்களில் உருப்படியான வேலையும் செய்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது, அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை போட்டது. உங்கள் ஊரில் பலர் அதையும் ஊர்க்காவல் படையையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்களுடையது சட்டத்தால் அமைந்த படை என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் போதாது. ஸ்டேஷனுக்குள் ஒருவனை உட்கார வைத்து நாலு பேர் சுற்றி நிற்கும்போது அதில் ஐந்தாவது ஆளாக உங்களை யாரும் பார்க்கக் கூடாது.

சொந்த ஊர்த் திருவிழாவுக்கு டூட்டி போட்டால் வேறு ஊர் கேளுங்கள். இதை வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு கிராமத்தில் கரகாட்டம் நடக்கும்போது இரண்டு தெருப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளு. டூட்டியில் இருந்த ஊர்க்காவல் படைக்காரர் அதில் ஒரு தெருவைச் சேர்ந்தவர். அவர் உண்மையிலேயே விலக்கிவிடத்தான் உள்ளே போனார், நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஆனால் எதிர்த் தெருக்காரர்கள் கண்ணுக்கு அவர் காக்கி போட்ட இன்னார் வீட்டுப் பையன். அந்தத் தெரு இந்தத் தெரு என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிவரை சமாதானம் பேசினோம். வேறு ஊர்க்காரர் ஒருவர் அதே இடத்தில் அதே விசிலை ஊதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

வேறு ஊருக்கா நமக்குப் பஞ்சம்? உங்களுக்குப் பக்கத்திலேயே சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு. ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. நாகூர் கந்தூரி, திருவாரூர் ஆழித்தேர், ஐப்பசியில் பெரிய கோயில் சதய விழா. 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது, நீங்கள் அப்போது படையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் நெரிசலில் ஐம்பது பேர் அளவுக்கு இறந்து போனார்கள். அதற்குப் பிறகு வந்த 2004, 2016 இரண்டிலும் நான் குளத்தைச் சுற்றி நின்றிருக்கிறேன். கூட்டத்தில் சாகிறவர் முன்னால் இருக்கிறார், தள்ளுகிறவர் பின்னால் இருக்கிறார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. எனவே ஊர்க்காவல் படைக்காரர் நிற்க வேண்டிய இடம் பெரும்பாலும் தூரத்தில், கூட்டத்தின் வால் பக்கம். சாமியும் தெரியாது, டிவி கேமராவும் வராது. 2016-ல் அப்படி ஒரு சந்துமுனையில் டீ மாஸ்டர் ஒருவர் விடிய விடிய நின்றார். கத்தவே இல்லை. 'அப்பாயி, இப்படி ஓரமா வாங்க, அவசரமில்லை, தண்ணி எங்கேயும் போயிடாது' என்று ஒவ்வொரு ஆளிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தில் ஒரு செருப்புக்கூட அறுந்து கிடக்கவில்லை.

தேர் டூட்டியில் இன்னொன்று, தரையை மட்டும் பார்க்காதீர்கள், மேலேயும் பாருங்கள். தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் அப்பர் சதய விழாத் தேர் மேலே போன மின்கம்பியில் பட்டு 11 பேர் போய்விட்டார்கள். தேர் புறப்படும் முன் தெருவை ஒரு முறை நடந்து பார்த்து, கம்பி எங்கே தாழ்ந்திருக்கிறது, கரண்ட்டை நிறுத்தியாயிற்றா என்று கேட்க ஸ்டார் வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

இனி பெரியப்பா மகன். அவரைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டாம் என்றேன், அவரிடம் எதுவுமே பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பகல் நேரம், கைலியோடு, அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். மாட்டுவண்டிக்காரர் மட்டும் மாட்டுகிறார், டிப்பர்காரர் போய்விடுகிறார் என்று அவர் முதலில் சொல்வார். அதில் உண்மை இல்லாமல் இல்லை, எதிர்த்துப் பேசாதீர்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று: 'அண்ணே, உன்னைப் பற்றி நான் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் என் டூட்டியில், என் கண்ணெதிரே மாட்டினால் பார்க்காத மாதிரி இருக்கவும் மாட்டேன்.' இதை முகத்துக்கு நேரே சொன்னால் பங்காளிக்குக் கோபம் வரும், ஆனால் எட்டப்பன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இரண்டாவது, பள்ளம். கொள்ளிடம் வருடத்தில் பாதி நாள் மணலாகத்தான் கிடக்கிறது. மேட்டூர் நிரம்பி உபரி வந்தால் முக்கொம்பில் திருப்பிவிடுவார்கள், ஒரே ராத்திரியில் கரைக்குக் கரை தண்ணீர். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துக்கொண்டு போன வருடத்தில் எவ்வளவு வந்தது என்று உங்களுக்கே தெரியும். மணல் அள்ளிய இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி இருக்கும். கலங்கல் தண்ணீர் மூடிவிட்டால் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து ஒரு பிள்ளை அடுத்த அடி வைக்கும். என் பணிக் காலத்தில் ஆற்றிலிருந்து தூக்கிய உடல்களில் நடு ஆற்றில் போனவை குறைவு, கரை ஓரக் குழியில் போனவைதான் அதிகம். ஆடி 18-க்கு உங்கள் ஊர்ப் பெண்டு பிள்ளைகள் காதோலை கருகமணியோடு இறங்குகிற அதே கரைதான் அது. இதை அவரிடம் போலீஸாகச் சொல்லாதீர்கள், தம்பியாகச் சொல்லுங்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

மணல் கொள்ளையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கும் வெளிப்படையான வழி இருக்கிறது. கிராம சபையில் பத்துப் பேராக எழுந்து தீர்மானம் கேளுங்கள், அடுத்தது ஆகஸ்ட் 15 என்றால் அன்றைக்கே. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். மாட்டுவண்டி, டிப்பர் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், டிப்பரை முதலில் எழுதுங்கள்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்தது டீக்கடை முணுமுணுப்பை மட்டும்தான், உங்கள் வேலையை அவர் பார்த்ததில்லை. வருகிற ஏழூர்த் திருவிழாவில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு அவரை வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவியை நீங்கள் கைபிடித்து ஓரம் கொண்டுவருவதை அவர் கண்ணால் ஒருமுறை பார்த்தால், நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அது பேசும்.

ஆடி 18-க்கு மட்டும் நான் மேலே சொன்ன விதியை மீறி உங்கள் ஊர்ப் படித்துறையையே கேட்டு வாங்குங்கள். அங்கே தெருச் சண்டை கிடையாது, தண்ணீர்தான் எதிராளி, அந்தத் தண்ணீரை உங்களுக்குத் தெரிந்த அளவு வெளியூர்க்காரருக்குத் தெரியாது. காற்றடித்த லாரி டியூப் ஒன்று, முப்பது மீட்டர் நைலான் கயிறு, விசில். கயிற்றின் ஒரு முனையைக் கரை மரத்தில் கட்டுங்கள், மறுமுனையில் டியூப். கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்காதீர்கள், இழுப்பு அதிகமானால் கயிறே உங்களை அமுக்கிவிடும். முழுகுகிறவரை நோக்கி டியூபை எறியுங்கள், நீங்கள் கரையில் நின்று இழுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால், ஆனி கடைசியிலேயே, குழிகள் இருக்கும் இடத்தில் மூங்கில் நட்டு சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று உங்கள் பெரியப்பா மகனுக்குத்தான் சரியாகத் தெரியும். மூங்கிலை அவர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, பகலில், இரண்டு பேருமாகப் போய் நட்டுவிட்டு வாருங்கள்.